வட்டுக்கு வரப்பிடுதல்

கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவிக்கும் உழவர் எவரும் நாற்றைப் பிடுங்கிக் கரம்பு நிலத்தில் நேரே ஊன்றிவிடுவதில்லை. முதலில் உழ வேண்டும். தண்ணீர் கட்ட வேண்டும். பரம்படித்து மட்டம் செய்ய வேண்டும். வரப்பை வெட்டி ஒழுங்கு படுத்த வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே நடவுக்கு ஆள் இறங்கும். கணினியில் செய்திகளைச் சேமித்து வைக்கும் வட்டும் அட்டையும் இந்த இயல்பு உடையவையே. கடையில் வாங்கிய வெறும் வட்டு உழாத கரம்பு போன்றது. அதனை எழுதுவதற்கு உரிய நிலமாக்கும் வேலைக்கு 'பார்மட்' செய்தல் என்று பெயர். கணினித் தமிழில் வடிவூட்டுதல் என்பர்.

இதைப் பற்றிப் பேச வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சென்ற தை மாதத்தில் என் தம்பி மகன் ஒரு நாள் மாலையில் என்னைத் தேடி வந்தான். கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பை ஓட்டுகிறவன் அவன். அவனுடைய உள்ளங்கையில் சுண்டுவிரல் நகத்தளவே உள்ள ஒரு மெமரி கார்டு இருந்தது.

"பெரியப்பா, கைப்பேசியில் இதைப் போட்டால் 'கார்டு பழுதாகிவிட்டது, பார்மட் செய்யவும்' என்று சொல்கிறது. சரி என்று தொட்டுவிட்டால் போதுமாம். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடலாமென்று வந்தேன்" என்றான்.

"அதில் என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"பாப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான். அப்பா பேசுகிற வீடியோவும் அதிலேதான் இருக்கிறது."

அவன் அப்பா, அதாவது என் தம்பி, இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வயல் வரப்பில் நின்றுகொண்டு அவன் ஏதோ பேசியதை மகன் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தான். தம்பியின் குரல் எஞ்சியிருந்த இடம் அது ஒன்றே. 'சரி' என்ற சொல்லை ஒரு விரல் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலோர் நினைப்பதுபோல் அந்தக் கணமே எல்லாம் அழிந்திருக்குமா? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் சற்றுப் பின்னே சென்று, இப்போது எவரும் கையாளாத பிளாப்பியிலிருந்து தொடங்க வேண்டும்.

பிளாப்பி எனப்பட்ட நெகிழ்வட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1971-இல் வெளியிட்டது. அதன் அகலம் 8 அங்குலம். ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிது சின்னது. 1976-இல் ஐந்தேகால் அங்குல வட்டும், 1981-இல் சோனி நிறுவனத்தாரின் மூன்றரை அங்குல வட்டும் வந்தன. 1990-ஐ அடுத்த ஆண்டுகளில் நான் தேனியில் ஒரு சிறிய கணினிப் பயிற்சி நிலையத்தில் கற்பித்து வந்தேன். அங்கே ஐந்தேகாலும் இருந்தது, மூன்றரையும் இருந்தது. பத்து வட்டுகள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கினால், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்மட் செய்வதே மாணவர்க்கு நான் தரும் முதல் பாடம். கறுப்புத் திரையில் 'பார்மட்' என்னும் சொல்லை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தையும் அதன்பின் இரு புள்ளிகளையும் இட்டு, என்டர் விசையைத் தட்ட வேண்டும். கட்டளை அவ்வளவுதான். உடனே இயந்திரம் 'டக், டக்' என்று ஒலித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். ஒரு வட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும்.

அந்த 'டக், டக்' என்னும் ஓசையின் பொருள் என்ன? களத்தில் போரடிக்கும் மாடுகள் வட்டம் வட்டமாகச் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். காந்தப் பொடி பூசிய அந்த மெல்லிய தகட்டின்மீது இயந்திரத்தின் எழுதுமுனையும் அவ்வாறே வட்ட வட்டமாகத் தடம் இடுகிறது. ஒரு தடம் முடிந்ததும் ஓர் எட்டு உள்ளே தள்ளி அடுத்த தடத்தைத் தொடங்குகிறது. ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு 'டக்'. மூன்றரை அங்குல வட்டில் பக்கத்துக்கு 80 தடங்கள், பக்கங்கள் 2, ஒவ்வொரு தடத்திலும் 18 பாத்திகள், ஒவ்வொரு பாத்தியிலும் 512 பைட்டுகள், அதாவது 512 எழுத்துகள் விளையும் இடம். ஆக மொத்தம் 2,880 பாத்திகள். பெருக்கிப் பார்த்தால் 14,74,560 பைட்டுகள் வரும். இதைத்தான் கடைக்காரர் '1.44 எம்.பி.' என்று விற்றார். பாத்தி ஒவ்வொன்றின் தலைப்பிலும் அதன் தட எண்ணும் வரிசை எண்ணும் எழுதப்படுகின்றன. நம் வயல்களின் மூலையில் சர்வே கல் நடுவது போலத்தான்.

வரப்பிட்டால் மட்டும் போதாது. எந்தப் பாத்தியில் எவருடைய பயிர் இருக்கிறது என்று எழுதி வைக்க ஒரு கணக்கு வேண்டும். கிராமக் கணக்குப்பிள்ளை பதவி 1980-இல் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் வட்டினுள் ஒரு கணக்குப்பிள்ளை இன்றும் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கென்று 33 பாத்திகள் ஒதுக்கப்படுகின்றன. முதற்பாத்தியில் வட்டின் அளவு முதலிய விவரங்கள். அடுத்து 9 பாத்திகளில் ஒரு பேரேடு. அதே பேரேட்டின் படி மேலும் 9 பாத்திகளில். கிராமத்தில் ஒன்றும் தாலுகா அலுவலகத்தில் ஒன்றுமாக இரண்டு கணக்கு வைப்பதுபோல, ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்னும் முன்யோசனை. எஞ்சிய 14 பாத்திகளில் கோப்புகளின் பெயர்ப் பட்டியல். அதில் 224 பெயர்களுக்கே இடம் உண்டு. இந்த 33 போக மிகுந்த 2,847 பாத்திகளே நாம் பயிரிடும் நிலம். பார்மட் முடிந்ததும் திரையில் 14,57,664 என்ற எண் தோன்றுவதைக் கண்டு, "சார், மீதி எங்கே போயிற்று?" என்று கேட்காத மாணவர் இல்லை. மீதி கணக்குப்பிள்ளைக்குப் போயிற்று.

பேரேட்டில் கணக்கு எழுதும் முறையும் நம் பக்கத்துப் பாசனத்தை நினைவூட்டுவது. வயலுக்கு வயல் தண்ணீர் பாய்கிற இடத்தில், இந்த வயல் நிறைந்தால் தண்ணீர் எந்த வயலுக்குப் போகும் என்று தெரிந்தால் போதும். ஒரு கோப்பின் முதற்பாத்தி எதுவென்று பெயர்ப் பட்டியல் சொல்லும். அதற்கடுத்த பாத்தி எது, அதற்கும் அடுத்தது எது என்பதைப் பேரேடு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். கடைசிப் பாத்தியில் 'இத்துடன் முடிந்தது' என்னும் குறி இருக்கும். 1977-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் உருவான இந்த முறைக்கு எப்.ஏ.டி. அல்லது 'பேட்' என்பது பெயர்.

இப்போது ஒரு கோப்பை நாம் அழிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்பிள்ளை என்ன செய்கிறார்? வயலில் இறங்கிப் பயிரைப் பிடுங்குவதில்லை. பெயர்ப் பட்டியலில் அந்தப் பெயரின் முதலெழுத்தை மட்டும் அடித்துவிட்டு ஒரு குறியை இடுகிறார். பேரேட்டில் அந்தப் பாத்திகளைத் 'தரிசு' என்று எழுதிக்கொள்கிறார். பயிர் வயலிலேயே நிற்கிறது. பழைய டாஸ் முறையில் அழித்த கோப்பை மீட்கும் கட்டளையை இட்டால், "இதன் முதலெழுத்து என்ன?" என்று அது நம்மையே கேட்கும். பெயருக்கு முன் இனிஷியல் தொலைந்த மனிதரை அடையாளம் கேட்பது போல இருக்கும். மாணவர்கள் இதைக் கண்டு சிரிப்பார்கள். நிலம் வேறு, நிலத்தின் கணக்கு வேறு என்பதை அவர்கள் மனத்தில் பதிக்க எனக்கு அதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

ஆனால் இந்தப் பாடத்தை அடுத்தவருக்குச் சொன்ன நானே ஒரு முறை மோசம் போனேன். எங்கள் தெரு மகமைச் சங்கத்தின் ஐந்து மாதக் கணக்கு ஒரு பிளாப்பியில் இருந்தது. அதன்மேல் சீட்டு ஒட்டவில்லை. வெற்று வட்டு என்று எண்ணி அதை இயந்திரத்தில் செருகிப் பார்மட் செய்துவிட்டேன். எங்களிடம் இருந்தது 1987-இல் வந்த டாஸ் 3.3. அந்தப் பதிப்பு பிளாப்பியைப் பார்மட் செய்யும்போது கணக்கை மட்டும் புதிதாக எழுதுவதில்லை. 2,880 பாத்திகளிலும் ஒரே எழுத்தை நிரப்பிவிடும். பயிரோடு சேர்த்து உழுவது அது. 1991-இல் வந்த டாஸ் 5 பழைய கணக்கை ஓர் ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டு வேலை செய்தது. அவசரத்தில் செய்த பார்மட்டை மீட்டுக்கொள்ள ஒரு கட்டளையும் அதில் இருந்தது. எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நல்ல வேளையாகச் சங்கத்தில் ரசீதுக் கட்டைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். மூன்று இரவுகள் உட்கார்ந்து மறுபடியும் எழுதினேன். சங்கத்தின் பெரியவர் ஒருவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "காகிதத்தைக் கிழித்தால் சத்தமாவது கேட்கும் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நெகிழ்வட்டின் காலம் மறைந்துவிட்டது. சோனி நிறுவனத்தார் ஜப்பானில் 2011-இல் அதன் விற்பனையை நிறுத்தினர். இன்று நம் கையில் இருப்பது மெமரி கார்டு. 1999-இல் மட்சுஷிட்டா, சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த எஸ்.டி. அட்டையின் வழியில் வந்தது இது. இதற்குள் சுழலும் தட்டு இல்லை, எழுதுமுனை இல்லை, 'டக்' என்னும் ஓசையும் இல்லை. சிலிக்கான் சில்லில் நுண்ணிய அறைகள் இருக்கின்றன. அவற்றில் அடைபட்ட மின்னூட்டமே எழுத்தாக நிற்கிறது. என் தம்பி மகன் கொண்டுவந்த அட்டையின் கொள்ளளவு 64 ஜி.பி. இதற்கு ஈடாக நாற்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மூன்றரை அங்குலப் பிளாப்பிகள் வேண்டும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 140 மீட்டருக்கு மேல் உயரும். நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் பெரியாற்று அணையின் உயரம் 176 அடி. அதைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல்.

இவ்வளவு மாறியும் மாறாதிருப்பது கணக்குப்பிள்ளையின் முறை. 32 ஜி.பி. வரையுள்ள அட்டைகளில் பேட்32 என்னும் கணக்கும், அதற்கு மேற்பட்டவற்றில் எக்ஸ்பேட் என்னும் கணக்கும் எழுதப்பட்டு வருகின்றன. இரண்டும் பழைய பேரேட்டின் பிள்ளைகளே. கைப்பேசியோ கணினியோ அட்டையைப் பார்மட் செய்யும்போது வழக்கமாகப் புதிய பேரேட்டையும் வெறும் பெயர்ப் பட்டியலையும் மட்டுமே எழுதுகிறது. சில வினாடிகளில் அது முடிந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். பழைய படங்கள் கேட்பாரற்று உள்ளேயே கிடக்கின்றன. புதிதாக ஒன்றை எழுதி, அது அந்தப் பாத்தியில் வந்து விழும்போதுதான் பழையது மாய்கிறது.

தம்பி மகனுடைய அட்டை பழுதான விதமும் இதனால் விளங்கும். படம் எழுதப்பட்டுக் கொண்டிருந்தபோதே அட்டையை உருவியிருக்கிறான். பேரேட்டில் ஒரு வரி அரைகுறையாக நின்றுவிட்டது. கணக்குப் புரியாத கைப்பேசி, 'புதுக் கணக்கு எழுதட்டுமா?' என்று கேட்டது. 'பார்மட் செய்யவும்' என்னும் அறிவிப்பின் பொருள் அவ்வளவே. வயல் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை.

ஆகவே நான் முதலில் செய்தது, ஒன்றும் எழுதாமல் அட்டையை எடுத்து வைத்தது. பிறகு லினக்ஸ் கணினியில் செருகி, அட்டை முழுவதையும் முதற்பாத்தி தொடங்கிக் கடைசிப் பாத்தி வரை அப்படியே ஒரு படியாக எடுத்துக்கொண்டேன். இதற்கு 'டிடி' என்னும் பழங்கட்டளை உதவுகிறது. அதில் 'ஐஎப்' என்ற சொல்லுக்குப் பின் எடுக்கும் இடத்தையும், 'ஓஎப்' என்ற சொல்லுக்குப் பின் வைக்கும் இடத்தையும் எழுத வேண்டும். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் வெற்றிடம் வந்து படங்களின்மேல் விழுந்துவிடும். கட்டளை ஒரு கேள்வியும் கேட்காது. நான் என்டர் விசையைத் தட்டுவதற்கு முன் அந்த வரியை வாய்விட்டு மூன்று முறை படித்தேன். பக்கத்தில் நின்றவன், "மந்திரமா பெரியப்பா?" என்றான்.

படி எடுத்த பின், போட்டோரெக் என்னும் இலவச மென்பொருளை அந்தப் படியின்மேல் ஓட்டினேன். இதை ஆக்கியவர் கிறிஸ்தோப் கிரெனியே என்பவர். இந்த மென்பொருள் பேரேட்டை நம்புவதில்லை. நேரே வயலில் இறங்கிப் பயிரைப் பார்த்து இனம் கண்டுகொள்கிறது. ஜேபெக் வகைப் படம் ஒவ்வொன்றும் ஒரே விதமான சில பைட்டுகளில் தொடங்கும். அதைக் கண்டதும் 'இதோ ஒரு படம்' என்று எடுத்துக்கொள்கிறது. பெயர்கள் மட்டும் திரும்பி வருவதில்லை, அவை கணக்கில் இருந்தவையாதலால். குழந்தையின் படங்கள் பெயரின்றி, வெறும் எண்களுடன், வரிசை வரிசையாகத் திரையில் வந்து நின்றன.

தம்பியின் வீடியோவும் வந்தது. ஆனால் முழுமையாக வரவில்லை. பெரிய கோப்பு ஓரிடத்திலேயே தொடர்ச்சியாக இருந்தால்தான் இம்முறை அதை முழுதும் எடுக்கும். இடையே வேறு பாத்திக்குத் தாவியிருந்தால், தாவிய இடத்தைச் சொல்லப் பேரேடு இல்லாமல் திகைத்து நின்றுவிடும். தம்பி வரப்பின்மேல் நின்று, "மேமடையில் தண்ணி அடைச்சுக் கிடக்கு, போய்ப் பாரு" என்று சொல்லத் தொடங்கி, கையை நீட்டும் இடத்தில் படம் உறைந்துவிட்டது. நாங்கள் இருவரும் அதை நான்கைந்து முறை ஓட்டிப் பார்த்தோம்.

இனி, அட்டையை மறுபடியும் உபயோகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இப்போது பார்மட் செய்யலாம். ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து எழுத வேண்டிய வரி இது:

பார்மட் ஈ: /எப்எஸ்:எக்ஸ்பேட் /க்யூ

இதனை ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும். 'ஈ' என்பது அட்டைக்குக் கணினி இட்ட எழுத்து. உங்கள் கணினியில் அது 'எப்' ஆகவோ 'ஜி' ஆகவோ இருக்கலாம். நடுவிலுள்ளது எந்த முறைக் கணக்கு என்பதைச் சொல்வது. கடைசியிலுள்ள 'க்யூ' என்பது 'விரைவாக', அதாவது கணக்கை மட்டும் எழுது என்பதற்குக் குறி. இந்த வரியில் பிழை நேரக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. அது அந்த ஒற்றை எழுத்து. சர்வே எண் ஒன்று மாறினால் பக்கத்து வயலில் ஏர் இறங்கிவிடுமன்றோ? ஆதலால் மற்றப் பென்டிரைவ்களை எல்லாம் கழற்றிவிட வேண்டும். கொள்ளளவைப் பார்த்து, 64 ஜி.பி. அட்டைக்கு ஏறத்தாழ 59 அல்லது 60 என்று கணினி காட்டுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். லினக்ஸில் 'எல்எஸ்பிஎல்கே' என்னும் கட்டளை எல்லா வட்டுகளையும் அளவோடு வரிசையாகக் காட்டும். அதைப் பார்க்காமல் 'எம்கேஎப்எஸ்' என்னும் பார்மட் கட்டளையில் கை வைக்கக் கூடாது. விண்டோஸின் பார்மட் கட்டளை நம்மை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்கும். அதே விண்டோஸிலுள்ள 'டிஸ்க்பார்ட்' என்னும் கருவியில் 'கிளீன்' என்று எழுதினால் அது எதையும் கேட்பதில்லை.

விரலால் தொட்டு முடிக்கும் வேலையை இப்படி எழுதிச் செய்வானேன் என்று சிலர் கேட்கலாம். எந்த வட்டை, எந்த முறையில், எவ்வளவு ஆழமாக உழப் போகிறோம் என்பதைச் சொல்லால் சொல்லிச் செய்யும்போது நம் மனம் அந்தச் சொல்லில் நிற்கிறது. என் அனுபவத்தில் தொடுதிரையில் பிழை செய்தவர்களே மிகுதி.

பழைய அட்டையை விற்பவர்களும் பிறருக்குக் கொடுப்பவர்களும் இதன் மறுபக்கத்தையும் கருத வேண்டும். எனக்கு மீட்டுத் தந்த அதே மென்பொருள், உங்கள் அட்டையை வாங்கியவருக்கும் உங்கள் வீட்டுப் படங்களை மீட்டுத் தரும். 'க்யூ' என்னும் குறியை விட்டுவிட்டு முழுப் பார்மட் செய்தால், 2007-இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா தொடங்கி எல்லா விண்டோஸ் பதிப்புகளும் வட்டு முழுவதும் பூஜ்யத்தை நிரப்புகின்றன. அதற்கு நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் அட்டைக்குள் நம் கண்ணுக்குத் தெரியாமல் சில உபரி அறைகள் உண்டு. தேய்ந்த அறைக்கு மாற்றாக அட்டையே அவற்றைத் தன்வசம் வைத்திருக்கிறது. பிறர் பார்க்கவே கூடாத ஒன்று அட்டையில் இருந்ததானால், அதை விற்காமல் சம்மட்டியால் உடைத்துவிடுவதே உத்தமம். அட்டையின் விலையை எண்ணித் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆயினும் என் கருத்து அதுவே.

அன்றிரவு படங்களை எல்லாம் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தினோம். அதன்பின் தம்பி மகனையே உட்காரவைத்துக் கட்டளையை எழுதச் சொன்னேன். 'ஈ' என்னும் எழுத்தை எழுதியவன் கையை எடுத்துவிட்டு, அட்டையை ஒரு முறை உருவிப் பார்த்தான். திரையில் 'ஈ' மறைந்தது. மறுபடியும் செருகினான், 'ஈ' வந்தது. நான் சொல்லிக்கொடுக்காத சோதனை அது. பிறகே என்டர் விசையைத் தட்டினான்.

இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்தான். அந்த அட்டையில் பாட்டுகளை நிரப்பி ஜீப்பிலுள்ள பாட்டுப்பெட்டியில் போட்டானாம். பெட்டி அட்டையை ஏற்கவே இல்லையாம். அது பழைய பெட்டி. பேட்32 கணக்கு மட்டுமே அதற்குப் படிக்கத் தெரியும். என்னிடமிருந்த விண்டோஸோ 32 ஜி.பி.-க்கு மேற்பட்ட அட்டையில் அந்தக் கணக்கை எழுத மறுத்துவிட்டது. அந்த வரம்பைக் கட்டளை வழியில் உயர்த்துவதாக மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2024-இல் அறிவித்திருக்கிறார்கள். என் கணினி அதற்கு முற்பட்டது. ஆகையால் மறுபடியும் லினக்ஸைத் திறந்தோம். 'எல்எஸ்பிஎல்கே' என்று எழுதிப் பட்டியலைப் பார்த்து, "இதுதானே பெரியப்பா, 59 என்று போட்டிருக்கிறதே?" என்று அவனே விரலால் சுட்டிக் காட்டினான்.